இன்னொரு தடவை கேளுங்க

அந்த வீட்டில் நிலையாக இருந்த ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான். அவரும் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கோட்டு, மேலே ஏற்றி வாரிய தலை, இடது காதின் மேல்நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு சின்ன வெட்டு. 'என்ன சொன்னீங்க?' என்று எதிரில் இருப்பவரைக் கேட்பதுபோல் முகத்தை லேசாக முன்னால் நீட்டியிருப்பார். கப்பலேறி வந்து, துணி தேய்த்து, மந்திரியாகிச் செத்தவர். அந்த வீட்டு மூத்த பெண் பெரியவளுக்குக் கொள்ளுத்தாத்தா, அவள் அம்மாவுக்குத் தாத்தா. வீட்டில் எல்லோருக்கும் மந்திரித் தாத்தா.

மற்ற ஆண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரியவளின் தம்பி வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான், அவனைக் குறை சொல்லக்கூடாது. அப்பா போனது வேறு விதம். பெரியவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. "குடையை ரிப்பேருக்குக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார். முப்பது வருஷமாக அந்தக் குடை ரிப்பேர் ஆகிக்கொண்டே இருக்கிறது.

அவர் போன மறுவாரம் அம்மா பெட்டிக்கு அடியிலிருந்து மந்திரித் தாத்தா படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினாள். அம்மா அப்போது பஸ் கண்டக்டர். வீட்டிலும் பஸ்ஸில் பேசுகிற குரலில்தான் பேசுவாள். இரண்டு பிள்ளைகளையும் படத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்து, "பாத்துக்குங்க. ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். ஊரையே ஆண்டவரு, ஆனா பொண்டாட்டி புள்ளைங்களை ஒரு நாள் விட்டுட்டு இருந்ததில்ல. எங்க போனாலும் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேந்துடுவாரு" என்றாள். அன்றைக்குப் பெரியவள் நம்பினாள். அப்பா என்ற இடத்தில் ஓட்டை விழுந்திருந்த குழந்தை எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்? பள்ளிக்கூடத்தில் யாராவது "உங்கப்பா எங்கே?" என்று கேட்டால், "எங்க கொள்ளுத்தாத்தா மந்திரி" என்று பதில் சொல்வாள். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒரு டீச்சர்கூடச் சொன்னதில்லை.

சனிக்கிழமைதோறும் படத்தைத் துடைப்பது பெரியவள் வேலை. அம்மா ஏனோ அதைத் தொடவே மாட்டாள். "எனக்குத் தோள்வலி, நீயே துடை" என்பாள். முப்பது வருஷம் பஸ் கம்பியில் தொங்கினவளுக்கு ஒரு படத்தைத் துடைக்கமட்டும் எப்படித் தோள்வலி வருமோ, அதைப் பெரியவள் யோசித்ததில்லை.

பெரியவள் வளர்ந்து ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலைக்குப் போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் பெண்வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவாள். அச்சக முதலாளிக்கு அவள்மேல் பாதி மரியாதை, பாதி பயம். ஒருநாள் அவரே அவள் மேஜைக்கு வந்து ஒரு கடிதத்தை வைத்தார்.

"துறைமுகத்துல புதுசா கட்டியிருக்காங்கல்ல, கப்பல்ல வர்றவங்க இறங்கற கூடம், அதுக்கு உங்க தாத்தா பேரை வைக்கறாங்களாம். திறப்பு விழா மலர் நாமதான் அடிக்கறோம். அவரு வாழ்க்கையை ரெண்டு பக்கத்துல எழுதித் தரணுமாம். உங்க வீட்டு ஆளு, நீயே எழுது. திருத்தறதும் நீயே. இனிமே யாருகிட்ட போய் நொட்டை சொல்லுவே பாக்கறேன்."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. இரண்டு பக்கம் என்ன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் இருபது பக்கம் சொல்வாள்.

பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தார். இந்த நாட்டுப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. முதல் வேலை ஒரு தச்சுப்பட்டறையில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது அவருக்கே ஆச்சரியம். "என்னமோ என்னைத் தச்சன்னு நினைச்சுட்டாங்க" என்பாராம். வாழ்நாளில் சுத்தியலைத் தொட்டதில்லை. முதல் ஆணியில் தன் கட்டைவிரலை நசுக்கினார். இரண்டாவது ஆணியில் மேஸ்திரியின் சட்டைக் கையைப் பலகையோடு சேர்த்து அடித்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் வேலை போயிற்று.

பிறகு சலவை ஆலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் தலையணை உறைகளும் மலையாக வந்து குவியும். நீராவிப் பெட்டியால் அவற்றைத் தேய்த்து, எட்டாக மடித்து, அடுக்கவேண்டும். பதினாலு வருஷம் தேய்த்தார். ஜன்னல் எல்லாம் ஆணி அடித்து மூடியிருக்கும், ஆவி வெளியே போக வழி இல்லை, வாரத்துக்கு ஒருவர் மயங்கி விழுவார். தொழிலாளிகள் சேர்ந்து கேட்டபோது, நிர்வாகம் ஒரு தாளைக் கொண்டுவந்து ஜன்னலைத் திறக்க ஒப்புக்கொள்கிறோம், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்றது. கைதட்டல், ஆரவாரம். இவர் மட்டும் கையைத் தூக்கி, "இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்றார். இரண்டாவது தடவை படித்தபோதுதான் குட்டு உடைந்தது. வேலை நடக்காத நேரத்தில் மட்டும் ஜன்னல் திறக்கப்படுமாம்! அன்றைக்கே அவர் தலைவரானார். அப்புறம் சங்கம், நகரசபை, சட்டசபை, கடைசியில் தொழிலாளருக்கும் குடியேறி வருகிறவர்களுக்கும் மந்திரி.

மந்திரியானபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எந்தக் கோப்பு வந்தாலும் "இன்னொரு தடவை சொல்லுங்க." வாயிலிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்க அதிகாரிகள் மூன்று நாள் நடப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர். கல்யாணத்தன்றுகூட அப்படித்தான். பதிவாளர் "இந்தப் பெண்ணை ஏற்கச் சம்மதமா?" என்று கேட்க, இவர், "இன்னொரு தடவை கேளுங்க" என்றாராம். மணப்பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதிவாளர் மறுபடி கேட்டதும், தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி "சம்மதம்!" என்று கத்தினார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் நாலு தலைமுறை சிரித்திருக்கிறது.

அவர் செய்ததில் பெரியது ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் வந்து இறங்குகிறவர்களிடம் கேட்கும் கேள்வித்தாளில் அதுவரை 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்தான். மூன்றாவதாக 'புரியவில்லை' என்று ஒரு கட்டம் போடவைத்தார். அந்தக் கட்டத்தில் குறி விழுந்தால், அந்த ஆளுடைய பாஷை தெரிந்தவரைக் கூட்டிவந்து மறுபடி கேட்டாகவேண்டும். சபையில் சிரித்தார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் அந்தக் கட்டம் இல்லாத அரசாங்கத் தாளே கிடையாது.

ஒன்றைப் பற்றி மட்டும் அவர் வாயே திறந்ததில்லை, கப்பலை விட்டு இறங்கிய நாள். கதை சொல்லிக்கொண்டே கப்பல் ஏணி வரைக்கும் வருவார், இறங்குவார், அத்தோடு "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போய்விடுவார்.

பெரியவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, கடைசியில் 'அன்பான கணவர், பொறுப்பான தந்தை' என்று முடித்தாள். வந்த மாதம் எது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு அச்சுக்குக் கொடுப்பது அவள் வழக்கமில்லை. ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டு, அவருடைய இறங்குதாளின் நகலைக் கேட்டாள். துறைமுகத்தில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதுவார்கள், அதுதான் இறங்குதாள்.

திங்கட்கிழமை மத்தியானம் நகல் வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒரு கையால் திறந்துகொண்டே மறு கையால் உறையைப் பிரித்தாள்.

வயது: முப்பது. தொழில்: தச்சர். மணமானவரா: ஆம். மனைவி இருக்குமிடம்: சொந்த ஊர். பிள்ளைகள்: இரண்டு.

வேறு யாருடைய தாளோ என்றுதான் முதலில் நினைத்தாள். பெயர் பார்த்தாள், கப்பல் பார்த்தாள், சரியாக இருந்தது. மூலையில் ஒட்டியிருந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இடது காதில் அந்த வெட்டு.

பாத்திரத்தை அப்படியே மூடிவைத்தாள்.

புரூஃப் பார்க்கிறவள் ஆயிற்றே, வரி வரியாக யோசித்தாள். வேலை கிடைக்கவேண்டும் என்று தச்சன் என்று பொய் சொல்லியிருப்பார், சரி. சின்னப் பையன் என்று தள்ளிவிடுவார்களோ என்று வயதைக் கூட்டியிருப்பார், அதுவும் சரி. ஆனால் இல்லாத பெண்டாட்டியை இருக்கிறாள் என்று சொல்லி யாருக்கு என்ன லாபம்? இல்லாத பிள்ளைகளைச் சொல்லி என்ன லாபம்? லாபம் இல்லாத இடத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. அப்படியானால் அது ஒன்றுதான் உண்மை. இறங்கிய நாளைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது விளங்கிற்று. கல்யாணத்தில் ஏன் தயங்கினார் என்றும் விளங்கிற்று. நாலு தலைமுறை சொல்லிச் சிரித்த கதையில் இப்போது சிரிக்க ஒன்றும் இல்லை.

இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு ஏழு, ஒன்றுக்கு நாலு என்று அவளுக்குத் தானாகவே தோன்றியது. தாளில் வயது எதுவும் இல்லை.

'நீயுமா தாத்தா?' என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அழுதுவிடுவாள், எதிர் மேஜையில் ஆள் இருந்தது.

அம்மாவிடம் சொல்ல முடியாது என்பதை மட்டும் உடனே முடிவு செய்தாள். புருஷன் போன பிறகு அந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள், இந்த வயதில் அதையும் பிடுங்கக்கூடாது. அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா? படி, கேக்கறேன்."

பெரியவள் படித்தாள். தச்சுப்பட்டறையில் அம்மா சிரித்தாள், சலவை ஆலையில் "ம்" கொட்டினாள். கடைசி வரி வந்ததும் பெரியவளின் குரல் இறங்கியது. எப்படியோ படித்து முடித்தாள்.

அம்மா பட்டாணியைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கடைசி வரி வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா?"

"கூடத்துக்குப் பேரு வைக்கறாங்க, அவரு பண்ணின வேலைக்கு வைக்கறாங்க. வேலையைப் பத்தி எழுது, போதும். வீட்டுச் சமாச்சாரம் எதுக்கு?"

"நீதானே எப்பவும் அதைச் சொல்லுவே?"

"சொன்னேன். புஸ்தகத்துல போடுன்னு சொன்னேனா? பழசைப் போட்டுக் கிளறாதே." இரண்டு பட்டாணி பாத்திரத்துக்கு வெளியே உருண்டது. அம்மா அவற்றை எடுக்கவில்லை.

வயதாகிவிட்டது, எதிலும் பிடிப்பில்லை என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். அந்த வரியை அடிப்பதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடித்ததோடு நிம்மதி வரவில்லை. செவ்வாயும் புதனும் தாளில் இருந்த அந்த இரண்டு பிள்ளைகளும் அவள் கூடவே இருந்தார்கள், பஸ்ஸில், மேஜையில், தட்டுக்கு எதிரில். ஒன்று அப்பா என்ன வாங்கப் போனார் என்று கேட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்றுக்குக் கேட்கவும் தெரியாது. அவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும். கூடத்தின் சுவரில் தாத்தாவின் பெயரைப் பித்தளையில் பொறிக்கிறார்கள், அவர்கள் பெயர் இரண்டு பக்கக் கட்டுரையில்கூட வரக்கூடாதா? வரவேண்டும் என்று தீர்மானித்தாள். அம்மாவுக்கு வலிக்கும். வலித்தாலும், விட்டுவிட்டுப் போகப்பட்ட பிள்ளை இன்னொரு விட்டுவிட்டுப் போகப்பட்ட பிள்ளையை மறைக்கக்கூடாது.

நகலின் அடியில் பொடி எழுத்தில் 'தொடர்ச்சி பின்பக்கம்' என்றிருந்தது. பின்பக்கம் அனுப்பப்படவில்லை. பெயர்கள் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். நீளமான அறை, மேலே குழல்விளக்கு, பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும். மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு மனிதர். பதிவறைப் பொறுப்பு அவருடையது. அந்த அறையில் தும்முவதற்கே அவரிடம் மனுப் போடவேண்டும்போல் இருந்தது.

"முன்பக்கம் மட்டும்தானே அனுப்பியிருக்கீங்க?"

"அவ்வளவுதான் அனுப்புவோம். பின்பக்கம் டாக்டர் எழுதினது, உடம்பு சமாச்சாரம். அதுக்கு நகல் கிடையாது. ரத்த சொந்தம் யாராவது நேர்ல வந்து பாத்துக்கலாம், பென்சில்ல எழுதிக்கலாம். அதான் சட்டம்."

"யாரு போட்ட சட்டம் இது?"

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவளைப் பார்த்தார். "உங்க தாத்தா போட்டதும்மா. மந்திரியான ரெண்டாவது வருஷம்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. மறைப்பதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்! அவள் வம்சச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே போய், பெரிய தடிமனான தொகுப்பைத் தூக்கிவந்து, பஞ்சுத் தலையணைமேல் வைத்துத் திறந்தார். பின்பக்கம் பார்த்தவர்கள் கையெழுத்திடுவதற்கு ஒரு சீட்டு செருகியிருந்தது. அதில் ஒரே ஒரு கையெழுத்து. தாத்தாவுடையது.

"அவரே வந்து பாத்தாரா?"

"பாத்திருக்காரு. இந்தத் தேதிக்கு அடுத்த வாரம்தான் அந்த மூணாவது கட்டத்துக்கு உத்தரவு போட்டிருக்காரு. நானும் இத்தனை வருஷமா, அப்படி என்னதான் இருக்கும்னு நினைப்பேன். நான் பாக்கக்கூடாது, சொந்தம் இல்ல." அவர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியவள் தாளைத் திருப்பினாள்.

பெயர்கள் எதுவும் இல்லை. கேள்விகள்தான், எதிரில் டாக்டரின் கோணல் கையெழுத்து.

கண்பார்வை இல்லாதவரா: ஆம். காது கேளாதவரா: ஆம். வலிப்பு உண்டா: ஆம். கால் ஊனமா: ஆம். இதற்கு முன் இந்நாட்டில் சிறையில் இருந்ததுண்டா: ஆம்.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. கீழே, கட்டங்களுக்கு வெளியே, டாக்டர் ஓரம் முழுவதும் நெருக்கி எழுதியிருந்தார்.

'இந்தப் பையன் எதைக் கேட்டாலும் ஆம் என்கிறான். கண் தெரியாதா என்று கேட்டேன், என் கண்ணையே பார்த்து ஆம் என்றான். நடக்க வராதா என்றேன், ஓடி வந்து ஆம் என்றான். சந்தேகம் தட்டியதால், கர்ப்பமாக இருக்கிறாயா, ஆறு மாதமா என்று கேட்டேன். அதற்கும் ஆம், சிரித்த முகத்தோடு. நம் பாஷையில் ஆம் தவிர ஒரு சொல்லும் தெரியாது. இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கப்பலில் எவனோ சொல்லியிருக்கவேண்டும். முப்பதா, தச்சனா, பிள்ளை இரண்டா என்று எழுத்தரே கேட்டு முன்பக்கத்தில் எழுதியிருக்கும் வயது, தொழில், மனைவி, பிள்ளைகள் எல்லாம் இதே ரகம், நம்பவேண்டாம். இருபது வயதுகூட இராது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. உள்ளே விடலாம்.'

பெரியவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாவது தடவை 'சிரித்த முகத்தோடு' என்ற இடத்துக்கு வந்தபோது அவளுக்குள்ளிருந்து ஏதோ உடைத்துக்கொண்டு வந்தது. விக்கலா சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டும் அறை முழுக்கக் கேட்டது.

"இங்க சத்தம் போடக்கூடாதும்மா."

"சார், நான் சொந்தம்தானே? நான் படிச்சுக் காட்டினா நீங்க கேக்கலாம்ல?"

அவர் சட்டத்தை மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். "கேக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதல."

அவள் படித்தாள். 'ஆறு மாதமா' என்ற இடத்தில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது. "அதான்! இந்தப் பக்கத்துக்கு நகல் குடுக்காதேன்னு சட்டம் போட்டுட்டாரு மனுஷன்!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"முன்பக்கத்தை அவரே திருத்தியிருக்கலாமே சார்?"

"பழைய பதிவுல யாரும் கை வைக்க முடியாதும்மா. மந்திரியே ஆனாலும்."

பெண்டாட்டி இல்லை. ஏழு வயதுப் பிள்ளையும் இல்லை, நாலு வயதுப் பிள்ளையும் இல்லை. மூன்று நாளாக அவள் கூடவே வந்த இரண்டு பேரையும் யாரும் எங்கேயும் விட்டுவிட்டு வரவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. புரியாத பாஷையில் பயந்துபோய்த் தலையாட்டிக்கொண்டு நின்ற ஒரு பையன்தான் இருந்தான். அதற்கப்புறம் அவன் வாழ்நாளில் ஒரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்காமல் தலையாட்டவில்லை. கல்யாணத்தில்கூட. பெரியவள் டாக்டர் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் பென்சிலில் எடுத்துக்கொண்டு, சீட்டில் தாத்தாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவளுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, தாத்தாவோட இறங்குதாளைப் பாத்தேன்."

அம்மாவின் கை நின்றது. முகத்தைத் திருப்பாமல், "முன்பக்கமா?" என்றாள்.

பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள். "முன்பக்கம் பின்பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கி, அதற்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு நகலை எடுத்து வந்தாள். மடிப்பெல்லாம் மஞ்சளாகி இருந்தது. முத்திரையில் முப்பது வருஷத்துக்கு முந்திய தேதி.

"உங்கப்பா போன மறுவாரம். உங்க ரெண்டு பேர் பதிவையும் என் பேர்ல மாத்தறதுக்கு, நான் யாரு, எங்கிருந்து வந்த வம்சம்னு தாள் கேட்டாங்க. வாங்கினேன். பஸ் டிப்போ வாசல்லயே நின்னு படிச்சேன். மனைவி ஊர்ல, பிள்ளைங்க ரெண்டு." அம்மாவின் கண்டக்டர் குரல் எங்கேயோ போயிருந்தது. "இவரும் அப்படித்தானான்னு ஆயிடுச்சு. பின்பக்கத்துல அந்தப் புள்ளைங்க பேரு இருக்கும், அதைப் போய்ப் பாக்கத் தைரியம் வரல."

"தெரிஞ்சுமா அந்தப் படத்தை மாட்டினே?"

"என்ன பண்ணச் சொல்றே? உனக்கு ஏழு, அவனுக்கு நாலு. எல்லா ஆம்பளையும் ஓடறவன்தான்னு நான் நம்பிட்டேன். அதையே உங்களுக்கும் சொல்லிக்குடுக்க மனசு வரல. வீட்டுல ஒருத்தராவது ஓடாம இருக்கட்டும்னு ஆணியடிச்சு மாட்டினேன். என்னால அவரு மூஞ்சியப் பாக்கத்தான் முடியல."

பெரியவளுக்குச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. தோள்வலி. கடைசி வரி. தரையில் உருண்ட பட்டாணி. அம்மாவைக் காப்பாற்றுவதாக அவள் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்காக முப்பது வருஷம் மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உக்காரும்மா. நான் பின்பக்கத்தையும் பாத்துட்டு வந்திருக்கேன்" என்றாள். பென்சில் தாளைப் பிரித்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

அம்மா அசையாமல் கேட்டாள். பிறகு மெதுவாக, "இன்னொரு தடவை படி" என்றாள்.

பெரியவள் இன்னொரு தடவை படித்தாள். 'நம்பவேண்டாம்' என்ற இடத்தில் அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவே இல்லை. கொட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மடித்த துணிமேலேயே சாய்ந்து, "ஆறு மாசமாம்ல! ஆறு மாசமாம்ல!" என்று சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்துப் பெரியவள் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டி, "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் இல்லக்கா, எங்க தாத்தா முழுகாம இருக்காரு!" என்று அம்மா பஸ் குரலில் கத்தினாள்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் அம்மா எழுந்தாள், மடித்து வைத்ததில் இருந்து மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள், முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

"அம்மா, நான் துடைக்கறேன். உனக்குத் தோள்வலி."

"ஒரு வலியும் இல்ல, போ. நீ போய் அந்தக் கடைசி வரியை மறுபடி எழுது. கொட்டை எழுத்துல போடச் சொல்லு."

முக்காலிமேல் ஏறி, தாத்தாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தாள். படத்தில் தூசி எதுவும் இல்லை, பெரியவள் சனிக்கிழமைதான் துடைத்திருந்தாள். இருந்தாலும் அம்மா துடைத்தாள். நெற்றியை, கோட்டை, காதில் அந்த வெட்டு இருந்த இடத்தை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, தாத்தா?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பிள்ளைத்தாச்சின்னு தெரியாம முப்பது வருஷம் நிக்கவச்சுட்டேனே."